சரக்குச் சீட்டின் பின்பக்கம்

இரவு பதினொன்று பதினேழு.
ருஸ்னேயின் இடது தோள் ஒருமுறை வெட்டியது.
பிறகு கட்டைவிரல். பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததையும் குறித்துக்கொண்டேன்
பழைய சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில்.

மூன்றரை வயது.
பகலில் பூனையைத் துரத்துவாள்,
காலுறையைக் கழற்றி பீட்ரூட் சூப்பில் போடுவாள்.
ஒரு விரல்கூட அவள் பேச்சை மீறாது.
கண் செருகியதும்தான்
உள்ளிருந்து யாரோ நூலைச் சுண்டுகிறார்கள்.

வயிற்றில் பூச்சி, பூசணி விதை கொடு என்றாள்
மேல்மாடி டானுடே.
கனவில் ஓடுகிறாள், விடு என்றான் வைடோடஸ்.
சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.
அந்த முதுகை எனக்குப் பிடிக்கவில்லை.

கிளைப்பேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டில்
கம்பி ஆடுவதை வைத்தே காற்றை அளந்துவிடுவேன்.
இரண்டடி தள்ளிக் கிடக்கும்
இந்தச் சின்னக் காலைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.
அது துள்ளும் ஒவ்வொரு முறையும்
எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.
பகலெல்லாம் நான் செய்யும் வேலை, எனக்கே.

போனில் பதினான்கு படம் எடுத்தேன்.
பதின்மூன்றில் போர்வை மட்டும்.
ஒன்றில் இரண்டு நொடி முழங்கால்,
மீதி முழுக்க என் மூச்சு.

டாக்டர் ஸ்டான்கியெனே இருமுறை பார்த்தார்.
தலையில் அலைப்பதிவு எடுத்துவிடலாம்,
மேசையில் அவள் தூங்கியாக வேண்டும்,
அதனால் முந்தைய இரவு
நான்கு மணிக்கே எழுப்பிவிடுங்கள் என்றார்.

ஐந்து மாதமாய்
தூங்கு தூங்கு என்று கெஞ்சிய வாயால்
தூங்காதே என்று கெஞ்சினேன்.
நவம்பர். நான்கு மணி.
தயிர்க்கட்டி அப்பம் சுட்டேன், தின்னவில்லை.
மணல்திட்டுக்குப் போகும் படகின் விளக்கைக் காட்டினேன்.
சூரியன் இன்னிக்கு லீவா என்று கேட்டாள்.
பேருந்தில் இமை சரியச் சரிய
ஆரஞ்சுத் தோலை மூக்கருகே பிழிந்தேன்.
நீ கெட்ட அம்மா,
என்று ஊருக்கே கேட்கும்படி அழுதாள்.
ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
பார்க்கட்டும்.

இருபத்தொரு கம்பிகளைத் தலையில் ஒட்டினார்கள்.
தடவிப் பார்த்துக் கேட்டாள்:
அம்மா, என்னை எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க?
பதில் வருமுன் தூங்கிவிட்டாள்.

பன்னிரண்டாவது நிமிடம் கால் துள்ளியது.
நான் எழுந்தேவிட்டேன்.
திரையில் கோடுகள் தம் பாட்டுக்கு நடந்தன,
கீழ்வீட்டில் யாரோ கதவடைத்ததுபோல்.
படம் எடுத்த பையன் கொட்டாவியை விழுங்கினான்.
அவன் எதுவும் சொல்லக் கூடாதாம்.

டாக்டர்தான் சொன்னார், வியாழக்கிழமை.
இது வலிப்பு இல்லை.
தூக்கம் இறங்கும்போது தசை தானாகத் துள்ளுகிறது.
பெரும்பாலும் வளர வளரக் குறைந்துவிடும்.
பெரும்பாலும் என்ற சொல்லை மட்டும்
நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பகல் வேலை.
பச்சை கன்டெய்னர் ஒன்றைத் தளத்தில் இறக்கி
பூட்டை விடுவித்தேன்.
கம்பி துள்ளியது. கூண்டு குலுங்கியது.
ஒன்பது வருடமாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது,
சுமை விட்ட மறுகணம், ஒவ்வொரு முறையும்.
நான் ஒருநாளும் நேரம் குறித்ததில்லை.
கீழேயிருந்து ஆள் கையசைத்தான்,
என்ன, தூங்கிட்டியா என்று.

அன்றிரவும் சீட்டும் பேனாவுமாய்த்தான் உட்கார்ந்தேன்.
எப்போது சாய்ந்தேன், தெரியாது.
விடிந்து பார்த்தால் என் எழுத்துக்குக் கீழே
வைடோடஸின் கோணல் எழுத்து:

12.05. யூர்கா. வலது கால். பலமாக.
12.40. யூர்கா. தோள்.
2.10. குழந்தை தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.
3.00. இருவரும் ஒன்றுமில்லை.